வெயிலை அறிந்து விடுமுறையைக் கழிப்போம்

ஆண்டின் நடுவில் பள்ளி விடுமுறை வந்ததும், ஜொகூர் மாநிலத் தோட்டங்களிலிருந்து குடும்பம் குடும்பமாகச் சிங்கப்பூருக்குப் புறப்படுவது நம் மக்களிடையே நெடுநாளைய வழக்கமாகும். உறவினரைக் காண வேண்டும். சிராங்கூன் சாலைக் கோயில்களில் வழிபட வேண்டும். துணிமணியும் பாத்திரமும் வாங்க வேண்டும். பிள்ளைகளுக்கு நகரத்தைக் காட்ட வேண்டும். லிட்டில் இந்தியா என்று இன்று வழங்கும் அவ்வட்டாரம் அந்நாள்களில் மக்கள் வெள்ளத்தால் நிறைந்திருக்கும். கடவுச் சீட்டையும் கைச்செலவுக்குரிய பணத்தையும் மறவாமல் எடுத்து வைக்கும் நாம், ஒன்றை மட்டும் கணக்கில் கொள்வதில்லை. அதுதான் வெயில்.

இதை எழுதும் நானும் ஒருமுறை அவ்வாறு கணக்கில் கொள்ளாது இருந்தேன். சில ஆண்டுகளுக்கு முன்பு, தோட்டத்தில் பால்மரம் வெட்டி ஓய்வு பெற்ற என் அத்தையைச் சிராங்கூன் சாலைக்கு அழைத்துச் சென்றிருந்தேன். அன்று அவருக்கு விரதம். கோயிலில் வழிபாடு முடிந்து வெளியே வரும்போது மணி பன்னிரண்டரை. "கடைகள் பக்கந்தான், நடந்தே போய்விடலாம்" என்றேன். அரை மணி நேரம் நடந்திருப்போம். அத்தையின் பேச்சுக் குழறியது, கால் தள்ளாடியது, ஒரு கடையின் முன் அப்படியே சாய்ந்துவிட்டார். பூக்கட்டிக் கொண்டிருந்த அம்மையார் ஒருவர் ஓடிவந்து, நிழலில் படுக்க வைத்து, பூவுக்குத் தெளிக்க வைத்திருந்த நீரில் துணியை நனைத்து முகத்திலும் கழுத்திலும் வைத்து விசிறினார். சிறிது நேரத்தில் அத்தை கண் திறந்தார். மாலையில் உடல் தேறியபின் அவர் சொன்னதை நான் இன்றும் மறக்கவில்லை: "நாற்பது வருஷம் மரம் வெட்டினேன் தம்பி. உச்சி வெயிலில் ஒருநாளும் நான் மரத்தடியில் நின்றதில்லை. படித்த பிள்ளை நீ, என்னை ஒரு மணிக்குத் தெருவில் நடக்க வைத்துவிட்டாயே!"

அத்தை சொன்னதில் ஓர் அறிவியல் உண்மை அடங்கியிருக்கிறது. அதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

நமக்குக் கோடை உண்டா?

தமிழகத்தில் கோடைக்குத் தொடக்கமும் முடிவும் உண்டு. சித்திரையின் பிற்பகுதியில் கத்தரி வெயில் தொடங்கும். வைகாசியில் அது விலகும். சென்னையில் 2003ஆம் ஆண்டு மே 31ஆம் நாள் வெப்பம் 45 டிகிரி செல்சியசை எட்டியது. பின்னர் மழையும் வாடையும் வந்து மக்களுக்கு ஆறுதல் தரும்.

சிங்கப்பூர் நிலநடுக்கோட்டுக்கு ஏறத்தாழ 137 கிலோமீட்டர் வடக்கே இருக்கிறது. அங்கு ஆண்டு முழுவதும் பகல் வெப்பம் பொதுவாக 31 முதல் 33 டிகிரி வரையிலும், இரவு வெப்பம் 23 முதல் 25 டிகிரி வரையிலும் இருக்கும். ஏப்ரல், மே, ஜூன் மாதங்களில் சற்றுக் கூடும். அந்நாட்டில் பதிவான மிக உயர்ந்த வெப்பம் 37 டிகிரியாகும். 1983ஆம் ஆண்டு ஏப்ரல் 17ஆம் நாள் தெங்காவிலும், நாற்பது ஆண்டுகள் கழித்து 2023ஆம் ஆண்டு மே 13ஆம் நாள் அங் மோ கியோவிலும் அது பதிவாயிற்று. நம் நாட்டில் பெர்லிஸ் மாநிலத்துச் சூப்பிங்கில் 1998ஆம் ஆண்டு ஏப்ரல் 9ஆம் நாள் 40.1 டிகிரி பதிவாகியுள்ளது.

"சென்னையில் 45, சிங்கப்பூரில் 37, அப்படியானால் சிங்கப்பூர் குளிர்ச்சியான ஊர்தானே?" என்று கேட்கத் தோன்றும். அங்கேதான் நாம் ஏமாந்து போகிறோம்.

ஈரக் காற்றின் வலிமை

நம் உடல் 37 டிகிரி அளவில் தன் வெப்பத்தைக் காத்துக்கொள்ள வேண்டும். உழைக்கும்போதும் நடக்கும்போதும் உடலுக்குள் வெப்பம் உண்டாகிறது. அதை வெளியேற்றும் முதன்மையான வழி வியர்வை. ஒரு லிட்டர் வியர்வை முழுவதும் ஆவியானால், ஏறத்தாழ 580 கிலோகலோரி வெப்பத்தைத் தன்னோடு கொண்டு செல்லும். மண்பானையின் மேற்புறத்தில் கசியும் நீர் ஆவியாகி உள்ளிருக்கும் நீரைக் குளிரச் செய்வதும் இம்முறையிலேயே ஆகும்.

காற்றில் ஏற்கெனவே ஈரம் நிறைந்திருந்தால் வியர்வை ஆவியாவதில்லை. சொட்டாக ஒழுகி வீணாகிறது. ஒழுகும் வியர்வை உடலைக் குளிர்விப்பதில்லை. உடலிலுள்ள நீரும் உப்புமே குறைகின்றன. சிங்கப்பூரின் காற்றில் ஈரப்பதம் விடியற்காலையில் 90 விழுக்காட்டுக்கு மேலும், மழையில்லாத நாளின் பிற்பகலில் 60 விழுக்காட்டளவிலும் இருக்கும். ஆகவே, அங்குள்ள 33 டிகிரி வெப்பம், வறண்ட ஊரிலுள்ள 33 டிகிரியைவிட உடலை மிகுதியாக வருத்துகிறது.

இதனால்தான் வெப்பமானி காட்டும் எண்ணை மட்டும் இக்காலத்தில் நம்புவதில்லை. காற்றின் வெப்பம், ஈரப்பதம், காற்றோட்டம், கதிரவனின் வீச்சு ஆகிய நான்கையும் சேர்த்துக் கணக்கிடும் அளவொன்று உண்டு. ஈரக்குமிழ்க் கோள வெப்பநிலை என்பது அதன் பெயர். இவ்வளவு 31 டிகிரிக்குக் கீழே இருந்தால் வெப்பத் தாக்கம் குறைவு. 31க்கும் 33க்கும் இடையில் நடுத்தரம். 33ஐத் தொட்டால் மிகுதி. சிங்கப்பூர் அரசு 2023ஆம் ஆண்டு ஜூலை முதல் இம்மூன்று நிலைகளையும் பொதுமக்களுக்கு அறிவித்து வருகின்றது. கைப்பேசியிலும் இதனைப் பார்க்கலாம். பயணம் போகும் பிள்ளைகளிடம் இப்பொறுப்பை ஒப்படைத்தால், அவர்கள் மகிழ்ந்து செய்வார்கள், பாடமாகவும் அமையும்.

கடிகாரமும் கதிரவனும்

நண்பகல் எத்தனை மணிக்கு வருகிறது? பன்னிரண்டு மணிக்கு என்று பள்ளிப் பிள்ளையும் விடை கூறும். ஆயினும் நம் கடிகாரத்தில் அவ்விடை சரியன்று.

1982ஆம் ஆண்டு சனவரி முதல் நாள் தீபகற்ப மலேசியாவின் கடிகாரங்கள் அரை மணி நேரம் முன்னே தள்ளி வைக்கப்பட்டன. சபா, சரவாக் மாநிலங்களோடு ஒரே நேரம் வழங்க வேண்டும் என்பது அதன் நோக்கம். சிங்கப்பூரும் உடன் மாற்றிக்கொண்டது. இதன் விளைவாக, சிங்கப்பூரில் கதிரவன் உச்சிக்கு வருவது பன்னிரண்டு மணிக்கன்று. ஆண்டின் காலத்திற்கேற்ப 12.45க்கும் 1.20க்கும் இடையிலாகும். ஜூன் மாதத்தில் ஏறத்தாழ ஏழு மணிக்கு விடிந்து, ஏழேகால் மணிக்குள் பொழுது சாய்கிறது.

இதிலிருந்து நாம் அறிய வேண்டியது யாது? காலை பத்து மணி என்பது கதிரவன் கணக்கில் ஒன்பது மணிதான், இன்னும் தாழ்வில்லை. ஆனால், மதியம் ஒரு மணிக்கு "உச்சி வெயில் கழிந்துவிட்டது" என்று எண்ணிப் புறப்பட்டால், உச்சி வெயிலிலேயே நடப்பவராவோம். தரையும் சுவரும் சூடேறச் சிறிது நேரம் ஆகுமாதலால், ஒரு மணி முதல் நான்கு மணி வரையுள்ள பொழுதே நாளின் கடுமையான பகுதி எனக் கொள்ளலாம்.

பால்மரம் கற்பித்த பாடம்

தோட்டத்தில் இருள் பிரியும் முன்னரே பிரட்டுக்களம் கூடுகிறது; வெளிச்சம் வந்தவுடன் மரத்தில் கத்தி படுகிறது. விடியற்காலையில் மரத்தின் பால் குழாய்களில் அழுத்தம் மிகுதியாக இருக்கும். கதிரவன் ஏற ஏற, இலைகள் வழியே நீர் ஆவியாகி வெளியேறும். குழாய்களின் அழுத்தம் குறையும். பால் ஒழுகுவதும் குறையும். ஆகவே மரத்தின் இயல்புக்கேற்பக் குளிர்ந்த பொழுதில் வேலை முடிக்கப்படுகிறது. மரத்துக்கு நன்மையான அந்நேரம், மனிதனுக்கும் நன்மையானதாக அமைந்துவிட்டது. நாற்பதாண்டுகள் என் அத்தை பெற்றிருந்த கல்வி இதுவே. அதை நகரத்துக்கு வந்ததும் கைவிடச் செய்தது என் பிழை.

வெயில் முடியட்டும் என்று காத்திருக்கும் வாய்ப்பு நமக்கு இல்லை. நாளைப் பகுத்துக்கொள்ளும் வாய்ப்பு மட்டும் நாள்தோறும் உண்டு.

ஐந்தடி நடைபாதையின் அருமை

நேரத்திற்கு அடுத்தபடியாக நமக்குத் துணை நிற்பது நிழல். லிட்டில் இந்தியாவின் பழைய கடைவீடுகளின் முன்னே மேற்கூரையுடன் கூடிய நடைபாதை தொடர்ந்து செல்வதைக் காணலாம். அஞ்சடி என்றும், மலாய் மொழியில் காக்கி லீமா என்றும் வழங்குவது அதுவே. 1822ஆம் ஆண்டு ஸ்டாம்ஃபோர்டு ராஃபிள்ஸ், நகரைத் திட்டமிட அமைத்த குழுவுக்குத் தந்த கட்டளைகளில், ஒவ்வொரு வீட்டின் முன்னும் கூரையிட்ட நடைவழி விடப்பட வேண்டும், அது தெருவின் இருபுறமும் எந்நேரமும் மக்களுக்குத் திறந்திருக்க வேண்டும் என்று குறித்திருந்தார். வெயிலுக்கும் மழைக்கும் அஞ்சாமல் நடப்பதற்காகச் செய்த ஏற்பாடு அது.

அக்கடைவீடுகளின் உட்புறத்தில் வானம் பார்த்த திறப்பொன்றும் இருக்கும். சூடான காற்று மேலே போகவும், புதிய காற்று உள்ளே வரவும் அது உதவுகிறது. நம் ஊர் வீடுகளின் முற்றத்தை ஒத்தது. 1989ஆம் ஆண்டு லிட்டில் இந்தியா பாதுகாக்கப்பட்ட வட்டாரமாக அறிவிக்கப்பட்டதால், இத்தகைய கட்டடங்கள் பல இன்றும் நிலைத்திருக்கின்றன. பிள்ளைகளுக்கு இவற்றைக் காட்டுங்கள். மின்விசிறி இல்லாத காலத்தில் மக்கள் எவ்வாறு வெப்பத்தோடு வாழ்ந்தனர் என்பதற்கு இவை கண்கண்ட சான்றுகளாகும்.

எனவே, இரு இடங்களுக்கிடையே குறுக்குவழி திறந்த வெளியில் இருந்தாலும், ஐந்தடி வழியாகச் சுற்றிச் செல்வதே அறிவுடைமை. குடை பிடிக்க வெட்கப்பட வேண்டியதில்லை. தளர்ந்த, வெளிர்நிறப் பருத்தி ஆடை நலம்.

ஒரு நாளைப் பகுத்துக்கொள்ளும் விதம்

சிங்கப்பூரில் ஒரு முழுநாளைக் கழிக்க எண்ணும் குடும்பத்தினர்க்கு, பின்வரும் முறை பயன்படும்.

முதலாவது, காலைப் பொழுதைத் திறந்த வெளிக்கு ஒதுக்குங்கள். சிங்கப்பூர்த் தமிழர் பூமலை என்று அழைக்கும் தாவரவியல் தோட்டம் காலை ஐந்து மணிக்கே திறக்கப்படுகிறது. நுழைவுக் கட்டணம் இல்லை. லிட்டில் இந்தியா பெருவிரைவு ரயில் நிலையத்திலிருந்து மூன்றாவது நிலையம் அது. 1859இல் நிறுவப்பெற்று, 2015இல் உலக மரபுடைமை இடமாக அறிவிக்கப்பட்ட அத்தோட்டத்திற்கும் நமக்கும் நெருங்கிய உறவுண்டு. 1877ஆம் ஆண்டு இங்கிலாந்தின் கியூ தோட்டத்திலிருந்து 22 ரப்பர் கன்றுகள் அங்கு வந்து சேர்ந்தன. 1888இல் அதன் பொறுப்பை ஏற்ற ஹென்றி ரிட்லி, மரத்தைக் கெடுக்காமல் அதே வெட்டை மீண்டும் மீண்டும் சீவிப் பாலெடுக்கும் முறையை ஆராய்ந்து கண்டார். நம் முன்னோரின் வாழ்வு எங்கிருந்து தொடங்கிற்று என்பதைப் பிள்ளைகளுக்கு அம்மரநிழலில் எடுத்துச் சொல்லலாம்.

இரண்டாவது, பத்து மணிக்குள் தேக்கா நிலையத்தின் சந்தைக்கும் உணவுக் கடைகளுக்கும் சென்று, காய்கறி, பழம் வாங்கும் வேலையை முடியுங்கள். ஏப்ரல் முதல் ஜூன் வரை இந்திய மாம்பழப் பருவமாதலால், பங்கனப்பள்ளி, அல்போன்சா முதலிய பழங்கள் அவ்வட்டாரக் கடைகளுக்கு வருகின்றன. வழிபாட்டையும் காலையிலேயே முடித்துவிடுவது நல்லது. விரதம் இருப்போர் நீரையும் விலக்கிக்கொண்டு நடக்க வேண்டாம்.

மூன்றாவது, பதினொரு மணி முதல் நான்கு மணி வரை கூரையின் கீழ் இருங்கள். கேம்பல் லேனில் 2015ஆம் ஆண்டு திறக்கப்பட்ட இந்திய மரபுடைமை நிலையத்தில், நம் மக்கள் கடல் கடந்து வந்த வரலாறு காட்சிப் பொருள்களாக வைக்கப்பட்டுள்ளது. விக்டோரியா ஸ்திரீட்டிலுள்ள தேசிய நூலகத்தில் தமிழ் நூல்கள் உண்டு. அமர்ந்து படிக்கக் கட்டணம் இல்லை. முதியோருக்கும் குழந்தைகளுக்கும் உண்டபின் ஒரு மணி நேர உறக்கம் கிடைக்குமாயின், அது எந்தக் காட்சியையும்விடச் சிறந்தது.

நான்காவது, கடைவீதியை ஐந்து மணிக்கு மேல் வைத்துக்கொள்ளுங்கள். ஆயினும் ஒன்றை நினைவிற் கொள்க. பகலெல்லாம் வெப்பத்தை வாங்கிய கட்டடங்களும் தார்ச்சாலையும் இரவில் அதை மெல்ல வெளிவிடுகின்றன. மரங்கள் சூழ்ந்த தோட்டத்தில் பொழுது சாய்ந்ததும் கிடைக்கும் குளிர்ச்சியை நகரத்தின் நடுவே எதிர்பார்க்க இயலாது.

ஏப்ரல், மே மாதப் பிற்பகல்களில் இடிமழையும் எதிர்பாராது வரும். அப்போது மரத்தடியில் ஒதுங்காமல் கட்டடத்திற்குள் செல்லுங்கள். எல்லையில் வாகன நெரிசல் மிகுந்த நாள்களில் நெடுநேரம் காத்திருக்க நேருமாதலால், ஆளுக்கொரு புட்டி நீர் கையில் இருக்கட்டும். நிறுத்தி வைத்த வண்டிக்குள் குழந்தையையோ முதியவரையோ ஐந்து நிமிடமும் விட்டுச் செல்லாதீர்கள். மூடிய வண்டி விரைவில் அடுப்பாக மாறிவிடும்.

எதைக் குடிப்பது?

தாகம் எடுக்கும் வரை காத்திராமல், சிறிது சிறிதாக அடிக்கடி நீர் அருந்த வேண்டும். சிறுநீர் வெளிர் மஞ்சளாக இருந்தால் உடலில் நீர் போதுமானது. தேயிலைச் சாயம்போல் கறுத்தால் போதவில்லை என்று பொருள். உப்பிட்ட மோர், கஞ்சித் தண்ணீர், இளநீர் ஆகியவை நீரோடு உப்புச் சத்தும் தருவன. சிறுநீரக நோயாளர்கள் இளநீரையும், இதய நோய்க்காக நீர் அளவு குறிக்கப்பட்டவர்கள் மிகுதியான நீரையும் மருத்துவரைக் கேட்காமல் அருந்தலாகாது. இரத்த அழுத்தத்திற்கெனச் சிறுநீரைப் பெருக்கும் மாத்திரை உண்போரும் பயணத்திற்கு முன் மருத்துவரின் யோசனையைப் பெற வேண்டும்.

இனிப்புப் பானங்கள் தாகத்தைத் தணிப்பதுபோல் தோன்றிச் சர்க்கரையை ஏற்றுகின்றன. சிங்கப்பூரில் 2022ஆம் ஆண்டின் இறுதி முதல், அடைத்து விற்கும் பானங்களுக்குச் சர்க்கரையையும் கொழுப்பையும் பொறுத்து 'ஏ' முதல் 'டி' வரை தரம் குறிக்கப்படுகிறது. 'டி' என்ற எழுத்தைக் கண்டால், நீரிழிவு உள்ளவர்கள் கையை விலக்கிக்கொள்வது நல்லது. மதுவோ உடலிலுள்ள நீரையும் வெளியேற்றி, அறிவையும் மயக்கி, வெயிலின் ஆபத்தை இரட்டிப்பாக்கும்.

வெளியில் உழைப்போர்க்கு

ஞாயிற்றுக்கிழமைகளில் லிட்டில் இந்தியாவில் கூடுவோரில் பலர் கட்டுமானத் தளங்களிலும் கப்பல் பட்டறைகளிலும் உழைக்கும் தமிழக, வங்காளதேசத் தொழிலாளர்கள். அவர்களுக்கு வெயில் ஒருநாள் பயணத்தோடு முடிவதன்று. 2023ஆம் ஆண்டு அக்டோபரில் சிங்கப்பூர் மனிதவள அமைச்சு அறிவித்த விதிகளின்படி, மேலே கூறிய ஈரக்குமிழ்க் கோள அளவு 32 டிகிரியை எட்டினால், கடும் உடலுழைப்பில் ஈடுபடுவோர்க்கு மணிக்கொரு முறை குறைந்தது 10 நிமிடம் நிழலில் ஓய்வு தரப்பட வேண்டும். 33 டிகிரியை எட்டினால், அவ்வோய்வு 15 நிமிடமாக இருத்தல் வேண்டும் என வழிகாட்டப்பட்டுள்ளது. புதிதாக வெளிவேலைக்கு வருவோரையும், ஒரு வாரத்திற்கு மேல் விடுப்பில் இருந்து திரும்புவோரையும் குறைந்தது ஏழு நாள்களில் படிப்படியாக வெயிலுக்குப் பழக்க வேண்டும்.

நீண்ட விடுப்பு முடிந்து நம் தோட்டங்களில் வெளிக்காட்டு வேலைக்குத் திரும்புவோர்க்கும் இவ்வறிவுரை பொருந்தும். முதல் நாளே முழு வேகத்தில் உழைத்துத் திறமையைக் காட்ட முற்படுவது ஆபத்து. உடன் வேலை செய்பவரை ஒருவரையொருவர் கவனித்துக்கொள்ளுங்கள். ஓய்வு கேட்பது சோம்பல் ஆகாது என்பதை மேற்பார்வையாளர்களும் உணர வேண்டும்.

ஆபத்தின் அறிகுறிகள்

தலைச்சுற்றல், தலைவலி, தசைப்பிடிப்பு, குமட்டல், மிகுந்த சோர்வு ஆகியவை உடல் தரும் முதல் எச்சரிக்கைகள். உடனே நிழலில் அமர்ந்து, ஆடையைத் தளர்த்தி, நீர் அருந்த வேண்டும். பேச்சுக் குழறுதல், மனக்குழப்பம், வலிப்பு, நினைவிழத்தல் ஆகியவை தோன்றி, உடல் வெப்பம் 40 டிகிரிக்கு மேல் போனால் அது வெப்பத் தாக்கு. உயிருக்கே ஆபத்து விளைவிப்பது.

அந்நிலையில் சிங்கப்பூராயின் 995, மலேசியாவாயின் 999 என்ற எண்ணை உடனே அழையுங்கள். ஆம்புலன்ஸ் வரும் வரை காத்திராமல் உடலைக் குளிர்வியுங்கள். நிழலுக்குக் கொண்டு சென்று, மேலாடையை அகற்றி, உடல் முழுவதும் நீர் ஊற்றி விசிறுங்கள். கழுத்து, அக்குள், தொடையிடுக்கு ஆகிய இடங்களில் பனிக்கட்டியோ ஈரத் துணியோ வையுங்கள். நினைவிழந்தவர் வாயில் நீர் ஊற்றாதீர்கள். மூச்சுக் குழாயில் இறங்கிவிடும். முதல் சில நிமிடங்களில் செய்யும் இவ்வுதவியே பல வேளைகளில் உயிரைக் காக்கிறது. பெயரறியாத அந்தப் பூக்கார அம்மையார் என் அத்தைக்குச் செய்தது இதுவேயாகும்.

தைப்பூச நாளில் சிராங்கூன் சாலை ஸ்ரீனிவாசப் பெருமாள் கோயிலிலிருந்து டேங்க் ரோடு தெண்டாயுதபாணி கோயில் வரை காவடி செல்லும் வழியெங்கும் தண்ணீர்ப் பந்தல் அமைத்து, முன்பின் அறியாதவர்க்கும் நீர் தரும் மரபு நம்முடையது. அம்மரபை ஒருநாள் விழாவோடு நிறுத்திவிடாமல், வெயிலில் உழைப்பவர்க்கும் தள்ளாடி நடப்பவர்க்கும் ஆண்டு முழுவதும் நீட்டிப்போமாக.

அடுத்த விடுமுறைக்கு அத்தையை மீண்டும் அழைத்துச் சென்றேன். எப்போது புறப்படலாம் என்று இம்முறை அவரிடமே கேட்டேன். "பிரட்டு நேரத்துக்கே கிளம்பிவிடுவோம் தம்பி" என்றார். அவ்வாறே கிளம்பினோம், பதினொரு மணிக்குள் பார்க்க வேண்டியவற்றையெல்லாம் பார்த்து முடித்து, நிழலில் அமர்ந்து மோர் அருந்தினோம்.